நிழற்குடையில் பேசியது

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

பயணத்தில் பிடித்த சளி விட்டுவிட்டது. சாப்பாடு பரவாயில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது, மாமாவின் கிண்டல் எப்படி இருக்கிறது என்று எழுது. இரண்டும் குறைந்திருக்காது என்று தெரியும்.

வேலை கிடைத்துவிட்டது. அரசாங்க வேலை. என் தத்துவப் பட்டத்தை அவர்கள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. காது கேட்காது, உதடு பார்த்துப் புரிந்துகொள்வேன் என்று நான் எழுதியிருந்த வரியில் ஒரு விரல் நின்றது. அவ்வளவுதான்.

நாடு முழுக்கத் தெருக்களில் கேமரா வைத்திருக்கிறார்கள். அவற்றில் படம் மட்டும் வரும். ஒலி கிடையாது. படத்தில் இருப்பவர் என்ன பேசுகிறார் என்று பார்த்து எழுதித் தருவது என் வேலை. நான்காம் மாடியில் ஓர் அறை. ஜன்னல் இல்லை. தரைவிரிப்பில் காயாத துணியின் வாசனை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி; அதற்கு அப்பால் பிரிவு அதிகாரியின் மேசை. ஒவ்வொரு படத்துண்டையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் செல்லும். என்னோடு படிப்பவர் வயதானவர், பிறவியிலேயே காது கேளாதவர். தடித்த கண்ணாடி. எல்லோரும் அவரைச் சோடாபுட்டி என்கிறார்கள். அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். நாங்கள் சாப்பாட்டு அறையில் சத்தமில்லாமல் வாயசைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, தூரத்தில் நின்ற காவலாளி பக்கத்தில் இருந்தவனிடம், "ரெண்டு மீனு தொட்டியில சுத்துது பாரு" என்றான். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். பாவம், அவன் முகம்.

போன வாரம் ஒரு பெண் குழந்தை காணாமல் போயிற்று. அவளைக் கூட்டிப்போனவன் பேருந்து நிலையத்தில் டிக்கெட் வாங்கும்போது ஓர் ஊரின் பெயரைச் சொன்னான். நான் அதைப் படித்தேன். மறுநாள் குழந்தை கிடைத்துவிட்டது. அவளுடைய அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. அழுகிறவர்களின் உதட்டைப் படிக்க முடியாது.

கைபேசி வைத்துக்கொள்வதில்லை என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் கடிதம்தான். உன்னைப் பார்த்து வெகுநாளாகிறது. எழுது.

உன் தம்பி

*

ஜனவரி 21

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். முழங்கால் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. மாமாவின் பட்டறைக்கு ஒரு பழைய லாரி வந்திருக்கிறது. என்னைவிட அதன் மேல்தான் இப்போது பிரியம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு பையில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் எங்கள் குழந்தைகள் பிரிவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. யாரிடம் சொல்ல, இவர்களிடம் சொல்லாமல்? எங்கள் மூத்த செவிலியை உனக்குத் தெரியும், கேப்டன் என்று கூப்பிடுவோமே, அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே சமாளித்துக்கொண்டு, "உன் தம்பிய இங்க ஒரு நாள் அனுப்பு. கண்காணிப்பாளர் ரவுண்ட்ஸ் முடிச்சுட்டுப் போறப்ப நம்மளப் பத்தி என்ன முணுமுணுக்கிறாருன்னு தெரியணும்" என்றார். எங்களில் எல்லோருக்கும் இளையவள், சின்னவள், "வேண்டாங்க கேப்டன், தெரிஞ்சா வேலைக்கு வரத் தோணாது" என்றாள். ஒரே சிரிப்பு.

காய்ச்சலில் உனக்குக் காது போன வருடம் நான் உன் எதிரிலேயே உட்கார்ந்து சொல் சொல்லாக வாயசைத்தேனே, அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. யாரிடம் பேசினாலும் முகத்துக்கு நேரே, வாயைத் திறந்து, நிறுத்தித்தான் பேச வருகிறது. "என்னோட சண்டை போடறப்பகூட டிவியில செய்தி வாசிக்கிற மாதிரியே பேசற" என்கிறார் மாமா. அப்படிப் பேசிய பேச்சு ஒரு குழந்தையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறதே. எனக்கு வேறென்ன வேண்டும்.

இங்கே ஒரு தொல்லை. தேர்தலுக்கு முன் புதிய கட்டிடத்தைத் திறக்க வேண்டுமாம். அங்கே ஆள் நிற்பது போல் காட்ட, எங்களில் பாதிப்பேரை மாற்றிவிட்டார்கள். இரவில் ஒருத்தி மூன்று அறைகளைப் பார்க்கிறாள். எழுதிக் கொடுத்தோம். பதில் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணுக்கு ஓய்வு கொடு.

அக்கா

*

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கண் எரிச்சல் மட்டும். சொட்டு மருந்து போடுகிறேன். நீயும் மாமாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எழுத அதிகம் இல்லை.

இப்போது துண்டுகள் வேறு மாதிரி வருகின்றன. பேருந்து நிலையங்கள் குறைந்துவிட்டன. ஒரு கல்லூரியின் வாசல். ஒரு வக்கீலின் அலுவலகப் படிக்கட்டு. ஓர் அச்சகத்தின் பின்பக்கம், அங்கே நின்று இருவர் டீ குடிக்கிறார்கள். முகம் முழுவதையும் எங்களுக்குக் காட்டுவதில்லை; வாயை மட்டும் வெட்டித் தருகிறார்கள். முகம் தெரிந்தால் மனது குறுக்கே வருமாம். திரையில் நாள் முழுக்க வாய்கள். சில மெல்லும். சில பல்லைக் கடித்துக்கொண்டு பேசும். மீசைக்காரர்களிடம் பாதிதான் தேறும்.

எதற்கு என்று சோடாபுட்டியிடம் கேட்டேன். "தம்பி, நாம கண்ணு. கண்ணு கேள்வி கேக்காது" என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். அது இல்லாமல் அவரால் என் உதட்டைப் பார்க்க முடியாது. அவர் பேச்சை முடிப்பது அப்படித்தான்.

இந்த வேலையைப் பற்றி மருத்துவமனையில் இனிப் பேச வேண்டாம். பெரிதாக ஒன்றுமில்லை. அலுவலக விதி.

தம்பி

*

பிப்ரவரி 28

அன்புத் தம்பிக்கு,

கண்ணை வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்திக்கொள். வெறும் சொட்டு மருந்து போதாது. எனக்கு இருமல், மாமாவுக்கு முதுகு. மற்றபடி சுகம் என்று எழுத ஆசைதான்.

எங்கள் பிரிவில் ஒரு கைக்குழந்தை இறந்துவிட்டது. அன்று இரவு சின்னவள் தனியாக மூன்று அறைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி அறையில் குழந்தைக்கு மூச்சுத் திணறியிருக்கிறது. அங்கே இருந்த ஆக்ஸிஜன் கருவியைப் புதிய கட்டிடத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் அறைக்கு ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அவள் தூங்கிவிட்டாள் என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். வேலையை நிறுத்தியாயிற்று. போலீஸ் வழக்கும் வரும் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு சாட்சி, குழந்தையின் அம்மா. சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அவள்தான் பக்கத்தில் இருந்தாள், கூடவே ஓடினாள்.

உள்ளே கூட்டம் போட அனுமதி இல்லை. அதனால் வேலை முடிந்ததும் எதிரே இருக்கும் பேருந்து நிழற்குடையில் கூடுகிறோம். நேற்று அந்த அம்மாவும் வந்தாள். "எம் புள்ள போயிடுச்சு. அந்தப் பொண்ணு வாழ்க்கையும் எதுக்குப் போகணும்? மந்திரி வர்றன்னிக்கு நானே வந்து சொல்றேன்" என்றாள். மார்ச் 24, கட்டிடத் திறப்பு விழா. அன்று சீருடையோடு வாசலில் நிற்போம், அவள் நடுவில் நிற்பாள். பத்திரிகைக்காரர்கள் இருப்பார்கள். அதுவரை அவள் யார், எங்கே வேலை பார்க்கிறாள் என்று வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் மிரட்டி வாயை அடைத்துவிடுவார்கள்.

எல்லோருக்கும் விளக்கிச் சொல்வது என் பொறுப்பு. கேப்டன் சொல்லிவிட்டார், "நீயே பேசு. பஸ் சத்தத்துல காது கேக்கலேன்னாலும் உன் வாயப் பாத்தாப் போதும், புரிஞ்சிரும்." நிழற்குடைக்கு எதிரே கம்பத்தில் ஒரு கேமரா இருக்கிறது. ஒருத்தி பயந்தாள். கேப்டன், "படந்தானே புடிக்கும், பேச்சப் புடிக்காதே" என்றார். நான் உன்னை நினைத்துக்கொண்டேன். எங்கள் தம்பி எங்கேயோ ஓர் அறையில் காணாமல் போன பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்று. யாருக்கும் தெரியாமல் அந்தக் கேமராவை அண்ணாந்து பார்த்து ஒரு தடவை சிரித்தேன். பைத்தியம்தான்.

உடனே பதில் எழுது.

அக்கா

*

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு பரவாயில்லை. உன் இருமல் எப்படி?

வெயில் ஏறிவிட்டது. நிழற்குடையில் நிற்க வேண்டாம். தகரக் கூரை, சூடு இறங்கும். இருமலுக்கு ஆகாது. ஏதாவது பேச வேண்டுமானால் யார் வீட்டிலாவது பேசுங்கள். வெளியே போகும்போது வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள். புழுதி.

முன்பே எழுதியிருக்க வேண்டும். கண் வலியால் முடியவில்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

மார்ச் 31

அன்புத் தம்பிக்கு,

உனக்குக் கண் சரியாகியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் இருமல் நின்றுவிட்டது.

உன் கடிதம் 25ஆம் தேதி வந்தது. கவலைப்படாதே, நிழற்குடையில் இப்போது யாரும் நிற்பதில்லை.

விழாவுக்கு நான்கு நாள் முன்பு சலவை நிலையத்துக்குக் கார் வந்திருக்கிறது. நல்ல உடை போட்ட மூன்று பேர். சத்தம் இல்லை, சண்டை இல்லை. "அம்மா, கொஞ்சம் வாங்க" என்று மரியாதையாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுப் போனாளாம். 23ஆம் தேதி மாலை செய்தியில் அவளைக் காட்டினார்கள். சின்னவள் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறவள் போல் சொன்னாள். ஒரு தடவைகூட நிமிரவில்லை. இப்போது அவள் வீடு பூட்டிக் கிடக்கிறது. எங்கே கொண்டுபோனார்கள் என்று அக்கம்பக்கத்துக்குத் தெரியவில்லை.

மறுநாள் நாங்கள் வாசலில் நின்றோம். மந்திரி பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டார். மாலையில் சின்னவளைக் கைது செய்தார்கள். அவள் அப்பா எங்களைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

அந்த அம்மா எங்கே வேலை பார்க்கிறாள் என்பது நிழற்குடையில் நின்றவர்களுக்கு மட்டும்தான் தெரியும். நான்தான் சொன்னேன், அழைத்து வர யார் போவது என்று பேசும்போது. அதனால் எங்களுக்குள் ஒருத்தி சொல்லியிருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. நேற்று ஒருத்தி கேட்டாள், "உன் தம்பி கேமரா ஆபீசுலதானே இருக்கான்?" நான் சிரித்துவிட்டேன். "அவன் புள்ளைங்களத் தேடறவன்டி" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஒரு வரி எழுது. அவர்களிடம் காட்ட.

அக்கா

*

ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே.

தேர்தல் முடிந்துவிட்டது. அதே மந்திரிதான். புதிய கட்டிடத்தில் இன்னும் தண்ணீர் வரவில்லை. சின்னவள் உள்ளேயே இருக்கிறாள். ஜாமீன் மனுவை இரண்டு தடவை தள்ளிவிட்டார்கள்.

நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. கேப்டன் மட்டும் வேலை விஷயம் பேசுகிறார், மருந்துச் சீட்டைப் பார்த்தபடி. நான் உன்னிடம் எதையும் கேட்கவில்லை. சாப்பிடுகிறாயா என்று மட்டும் எழுது.

அக்கா

மச்சான், இது மாமா. உன் அக்கா கடிதத்தை ஒட்டுவதற்குள் வாங்கி எழுதுகிறேன். அவள் வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டாள். பட்டறைச் சத்தத்தில் வாழ்கிறவன் நான், எனக்கே வீட்டின் அமைதி தாங்கவில்லை. உனக்கு ஏதாவது தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும் எழுது.

*

மே 15

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். தூங்குகிறாயா?

இந்தக் கடிதத்தை அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தபால் பெட்டியில் போடவில்லை. ரயிலேறி அடுத்த ஊருக்கு வந்து எழுதுகிறேன். நிலையத்தின் பெஞ்சு.

மார்ச் முதல் வாரம். ஒரு துண்டு வந்தது. வழக்கம் போல் வாய் மட்டும். முன்பல்லில் ஓரம் உடைந்திருந்தது.

முதல் நொடியிலேயே தெரிந்துவிட்டது. வேறு யாரோ என்று ஏமாந்தேன் என்று சொல்ல வழி இல்லை.

நீ பேசினாய். இத்தனை மாதம் மீசைக்குள்ளும் கைக்குள்ளும் தேடித் தேடிப் படித்தவனுக்கு முன்னால், நீ வந்து எதிரே உட்கார்ந்து பேசினாய். ஒரு சொல்கூடத் தவறவில்லை. வீட்டை விட்டு வந்த பிறகு என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. என்னிடம்தான் பேசுகிறாய் என்று இருந்தது. கை தானாக எழுதிக்கொண்டு போனது. நிழற்குடை. இருபத்து நான்காம் தேதி. வாசல். சலவை நிலையம், எந்தத் தெரு, எந்த வேளை. எழுதுகிறேன் என்று தெரிந்தது. எதை எழுதுகிறேன் என்பது உள்ளே போகவில்லை. கடைசியில் நீ மேலே பார்த்துச் சிரித்தாய். அதை மட்டும் எழுதவில்லை. சிரிப்பை எழுத அதில் இடம் கிடையாது.

துண்டு முடிந்ததும் மறுபடி போட்டுப் பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை. உன்னைப் பார்ப்பதற்காக. பிறகு எழுதியதைக் கொடுத்துவிட்டேன்.

பயந்துபோய் எழுதிக் கொடுத்திருந்தால் அதற்கு ஒரு பெயர் உண்டு. பணத்துக்கு என்றாலும் உண்டு. நான் சந்தோஷத்தில் எழுதினேன். அதற்குப் பெயர் தேடிப் பார்த்தேன், படித்த புத்தகங்களில் எல்லாம். இல்லை.

அன்று மாலை கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பிரிவு அதிகாரி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கேட்காது என்பது அவருக்கு நினைவிருக்கும். கண்ணாடி வழியே வாய் தெரியும் என்பது மறந்துவிடும். "அவனோட அக்காதான் சார். தெரிஞ்சுதான் அவன்கிட்ட குடுத்தோம். அவன மாதிரி வேற யாராலயும் அந்த வாயப் படிக்க முடியாது. ஒரு வார்த்தை விடல. ஒரு காப்பி மந்திரி வீட்டுக்கு, ஒண்ணு கட்சி ஆபீசுக்கு அனுப்பிட்டேன்." வேலைக்கு எழுதிக் கொடுத்தபோது உறவினர் என்ற இடத்தில் உன் முகவரியைத்தான் எழுதியிருந்தேன்.

உடனே உனக்கு எழுதியிருந்தால் அந்த அம்மாவை வேறு எங்காவது கொண்டுபோயிருப்பீர்கள். தினமும் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியில் நான் யார் என்று எழுத வேண்டியிருந்தது. இரண்டு வாரம் கழித்து வெயிலைப் பற்றி எழுதினேன்.

இதைக் கேப்டனிடம் காட்டு. உன் மேல் பழி இருக்கக் கூடாது.

தம்பி

*

ஜூன் 6

மச்சானுக்கு மாமா எழுதுவது.

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் அக்கா கடிதத்தைப் படித்தாள். மடித்தாள். மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தாள். ஒரு வாரம் கழித்து எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். வந்து சொன்னது ஒரே வாக்கியம். "காட்டிட்டேன்." பதில் எழுதச் சொன்னேன். "நீங்க எழுதுங்க" என்றாள். அதனால் நான்.

உன்னை நன்றாகத் திட்ட வேண்டும் என்று ஒரு காகிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன். திட்டு என்பது பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுப்பது.

விஷயத்துக்கு வருகிறேன். சின்னவளின் வக்கீலிடம் உன் கடிதம் போயிருக்கிறது. அவர் ஒன்று கேட்கிறார். அந்த அம்மாவும் நிழற்குடையில் நின்று பேசியிருக்கிறாள். சின்னவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியதை அங்கே எல்லோரிடமும் சொன்னாள் என்கிறாள் உன் அக்கா. செவிலியர்கள் சொன்னால் கூட்டாளிகள் என்று தள்ளிவிடுவார்கள். அந்தத் துண்டும் உன்னிடம் வந்ததா? வந்தது என்றால், அவள் சொன்னதை நீதிமன்றத்தில் நீ சொல்வாயா? சொன்னால் வேலை போகும். உள்ளே தள்ளினாலும் தள்ளுவார்கள். வக்கீல் மறைக்காமல் எழுதச் சொன்னார்.

உன் அக்காவிடம் கேட்டேன், அவன் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டியபடி இருந்தாள்.

மாமா

*

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கண் எரிச்சல் போய்விட்டது. பார்க்க எதுவும் இல்லை, அதனால்.

வந்தது. மாமா கேட்ட துண்டு, உன் துண்டுக்கு அடுத்த நாளே. அந்த அம்மாவின் வாய். வறண்டு வெடித்த உதடு. அதையும் நான்தான் எழுதினேன். "அந்தப் பொண்ணு எம் புள்ளையத் தூக்கிட்டு ஓடினா. செருப்பு கழண்டு விழுந்துச்சு. நிக்கல." இவ்வளவும் அப்படியே.

சோடாபுட்டியும் படித்தார். இரண்டு பேர் படித்து ஒத்துப்போனால்தான் செல்லும் என்பது அவர்கள் போட்ட விதி. அவரிடம் போய்க் கேட்டேன், நாம் இரண்டு பேரும் சொல்வோம் என்று. "எம் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கு, தம்பி" என்றார். நான் மேலே பேச வாயெடுத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். வெறும் கண்ணில் நீர் வந்துகொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை. நான் திட்டவும் இல்லை. எந்த முகத்தோடு திட்டுவது.

போன வாரம் வக்கீலோடு நீதிபதி முன்னால் நின்றேன். சொன்னேன். அரசு வக்கீல் எழுந்தார். "காதே கேக்காதவரு சாட்சி சொல்றாரு, கேட்டுக்குங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். அதையும் நீதிபதியிடம் சொன்னேன். அப்படியா பேசினீர்கள் என்று நீதிபதி அவரைக் கேட்டார். அவர் காகிதங்களை அடுக்கினார். அந்தத் துண்டைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவாயிற்று. அப்படி ஒன்றே இல்லை என்று சொல்வார்கள். சொல்லட்டும். இல்லாத துண்டுக்காக என்னை ஏன் வேலையை விட்டு நீக்கினார்கள் என்று வக்கீல் கேட்பார்.

ரகசியத்தை வெளியிட்டதாக என் மேலும் வழக்கு. ஜாமீனில் இருக்கிறேன். ஒருவருக்கு நல்லது செய்தவனைப் பார்ப்பது போல் வக்கீல் என்னைப் பார்க்கிறார். அது தாங்கவில்லை. அவரிடம் சொல்லிவிட்டேன், அப்படிப் பார்க்காதீர்கள் என்று.

விசாரணைக்கு இடையில் ஊருக்கு வரலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது. வரட்டுமா? வேண்டாம் என்றால் ஒன்றும் எழுத வேண்டாம். எழுதாமல் இருந்தாலே புரிந்துகொள்கிறேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 11

அன்புத் தம்பிக்கு,

அக்காதான் எழுதுகிறேன். எனக்கும் மாமாவுக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. நீ இளைத்திருப்பாய்.

போன திங்கட்கிழமை சின்னவளுக்கு ஜாமீன் கிடைத்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. துண்டு அழிந்துவிட்டது என்கிறார்களாம். இல்லை என்று சொல்லாமல் அழிந்துவிட்டது என்றதே பெரிது என்கிறார் வக்கீல். அவள் எங்கள் பிரிவுக்கு வந்து கதவுக்கு அருகில் நின்றாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். எல்லோரையும் கட்டிக்கொண்டாள். என்னிடம் வந்தபோது கொஞ்சம் நின்று, பிறகு கட்டிக்கொண்டாள். அந்தக் கொஞ்சத்தை நான் தினமும் நினைக்கிறேன். அந்த அம்மாவைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு தகவலும் இல்லை.

கேப்டன் என்னிடம் தனியாகக் கேட்டார். "கேமராவுக்கு அந்தப் பக்கம் உன் தம்பி இருக்கலாம்னு உனக்குத் தோணவே இல்லையா?" தோன்றியது என்றேன். தோன்றியதால்தான் சிரித்தேன் என்றேன். அவர் மேசையில் இருந்த டூட்டிப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். பிறகு, "நாளைக்குக் காலை டூட்டி உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ உன் பங்கை எழுதிவிட்டாய். என் பங்கை நான் இதுவரை எழுதவில்லை. "படந்தானே" என்று கேப்டன் சொன்னபோது, நான் படித்துக் காட்டிய உன் கடிதம் யாருக்கும் நினைவில் இல்லை; அது பேச்சையும் பிடிக்கும் என்று நினைவிருந்தவள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான். தெரிந்தும் சொல்லவில்லை. பிள்ளைகளைத் தேடுகிறவர்கள் எங்களை எதற்குப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அது மட்டும் இல்லை. நீ பார்த்தாலும் பார்ப்பாய் என்று, அன்று கொஞ்சம் தெளிவாகவே பேசினேன்.

வா. இரவு வண்டியில் ஏறாதே, பகல் வண்டியில் வா. மாமா நிலையத்துக்கு வருவார். அவர் கிண்டல் செய்யாமல் இருக்க முயற்சி செய்வார், நீ கண்டுகொள்ளாதே.

நான் வரமாட்டேன், வீட்டில் இருப்பேன். என் முகத்தைப் பார்த்து நீ ஏதாவது படித்துவிடுவாயோ என்று இருக்கிறது. முன்பெல்லாம் உன் எதிரில் எனக்கு மறைக்க ஒன்றும் இருந்ததில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, எல்லாம் நல்ல வார்த்தைகள் இல்லை. அதைச் சொல்லாமல் உனக்குச் சோறு போட என்னால் முடியாது. நீ பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லவும் முடியாது.

அதனால் ஒன்று செய்வோம். நீ வந்து கை கால் கழுவிக்கொண்டு சமையலறையில் உட்கார். நான் கதவைச் சாத்தி விளக்கை அணைத்துவிடுகிறேன். இருட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, இருப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லி முடித்துவிடுகிறேன். நீ எழுந்து போகாமல் இரு, அது போதும். முடிந்ததும் விளக்கைப் போட்டுச் சாப்பாடு எடுத்து வைக்கிறேன்.

அக்கா